பெட்டி கிடக்கட்டும், கீலை மாற்றுங்கள்

ராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடி வரைக்கும் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துத் தூக்குகிற எல்லோருக்கும்,



வீணைக்காரர்களுக்கு மட்டும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். யோசித்துப் பார்த்தால் ஆர்மோனியப் பெட்டி, கீபோர்டு பெட்டி, தவிலுக்கென்று பிளைவுட்டில் அடித்து வைத்திருக்கும் பெட்டி எல்லாவற்றுக்கும் நோய் ஒன்றுதான். ஆகவே கோயில் மேளக்காரர்கள், தேவாலயப் பாடகர் குழுவினர், ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு வாசிக்கப் போகிறவர்கள், ஸ்பெஷல் நாடகத்தில் ஆர்மோனியமும் ஆல்ரவுண்டும் வாசிக்கிறவர்கள், பிள்ளைக்கு வீணை வாங்கிக் கொடுத்த கையோடு பெட்டியைப் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் சொருகி வைத்திருக்கும் பெற்றோர், எல்லோருமே படிக்கலாம்.

சொல்ல வந்தது இவ்வளவுதான். பெட்டி போச்சு என்று புதுப் பெட்டி வாங்க ஓடாதீர்கள். போனது கீல். அதை மாற்றுங்கள். மாற்றும்போது பழையதைப் போலவே இன்னொன்றை வாங்கி மாட்டிவிடாதீர்கள்.

உங்கள் ஃபைபர் வீணைப் பெட்டியைத் திருப்பி முதுகுப் பக்கம் பாருங்கள். நாலடிக்கு மேல் நீளமான பெட்டி. அதைத் தாங்குவதற்கு மூன்று சின்னக் கீல்கள், ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம் இருந்தால் அதிகம். மெல்லிய இரும்புத் தகடு, மேலே பளபளவென்று முலாம். பிடித்திருப்பது அலுமினிய ரிவெட். வாங்கி வந்த புதிதில் எல்லாம் மின்னும். பிறகு கீலின் நடுவில் ஓடும் கம்பியில் முலாம் தேய்ந்த இடத்தில் துரு பிடிக்கும். வெளியே தகடு பளபளப்பாகவே இருக்கும், உள்ளே கம்பி இறுகிக்கொண்டிருக்கும். மூடியைத் திறக்கும்போது கீல் திரும்ப மாட்டேன் என்கிறது. நீங்கள் கொஞ்சம் பலமாகத் தூக்குகிறீர்கள். அந்த பலம் முழுவதும் ரிவெட்டுக்குப் போகிறது. ரிவெட் ஃபைபரில் தன் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கிக்கொள்கிறது. துளை பெரிதானால் மூடி நகர்ந்து உட்காரும். நகர்ந்தால் முன்பக்கத் தாழ்ப்பாள் நேராக விழாது.

இங்கேதான் எல்லோரும் தாழ்ப்பாளைத் திட்டுவது. தாழ்ப்பாள் தேய்ந்துவிட்டது என்று புதுத் தாழ்ப்பாள் போட்டு, அதுவும் விழாமல், கடைசியில் நைலான் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். நம் கரையில் கயிறு கட்டாத பழைய வீணைப் பெட்டி ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். தாழ்ப்பாள் விழவில்லையென்றால் முதலில் பின்னால் போய்க் கீலைப் பார்க்க வேண்டும். மூடியின் இரு ஓரங்களையும் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினால் தெரிந்துவிடும். ஒரு நூல் அளவு ஆடினாலே ரிவெட் விட்டுக்கொடுத்துவிட்டது என்று அர்த்தம்.

தஞ்சாவூரிலோ சென்னையிலோ வீணை வாங்கும்போது கூடவே வரும் பெட்டி கெட்ட பெட்டி என்று நான் சொல்லவில்லை. கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் அதே கீல் பல வருஷம் உழைக்கிறது. நம் காற்று வேறு.

கடற்கரையில் இருக்கிறோம், அதனால் துரு பிடிக்கிறது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். அலை உடையும்போது காற்றில் ஏறும் துளியில் இருப்பது நாம் சாப்பாட்டில் போடும் சோடியம் குளோரைடு மட்டுமில்லை, மெக்னீசியம் குளோரைடும்தான். சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை ஒட்டி வந்தால்தான் நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். நம் ஊரில் ஈரப்பதம் அந்த அளவுக்கு இறங்கும் நாள் எத்தனை? ஆகவே கீலின் மேல் படிந்த உப்பு, வெயில் கொளுத்தும் நாளிலும் முழுசாகக் காயாது. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். உலோகத்துக்கு அது எப்போதும் ஈரம்தான். கச்சான் அடித்தாலும் சரி, வாடை அடித்தாலும் சரி, தீவுக்கு ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து உப்பு வந்துகொண்டே இருக்கும்.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பாம்பனில் இறங்கிப் பாருங்கள். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதி, கப்பலுக்கு வழிவிட இரண்டு பாதியாகப் பிரிந்து மேலே எழுந்தது. ஆட்கள் கையால் சுற்றித் திறந்தார்கள். உலகிலேயே உலோகத்தை அதிகம் அரிக்கும் இடங்களில் பாம்பனும் ஒன்று என்பார்கள் பொறியாளர்கள். பெயிண்ட் அடித்து, தகடு மாற்றி, நூறு வருஷத்துக்கு மேல் ஓட்டினார்கள். 2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி அப்படியே நேராக 17 மீட்டர் மேலே போகிறது. வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் தூக்குவதைத்தான் பார்ப்பார்கள். எனக்குப் பிடித்தது வேறு. கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, மேலே உயர் ரகப் பாதுகாப்புப் பெயிண்ட், எஃகுப் பகுதிகளில் ரிவெட் அடிக்காமல் முழுக்க வெல்டிங் செய்த இணைப்பு. ஏன் வெல்டிங்? இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் இடுக்கில்தான் உப்புத் தண்ணீர் நுழைந்து வெளியே வராமல் தங்கும். நம் கீல் என்பது முழுக்க முழுக்க இடுக்குகளால் ஆனது. சுருட்டிய குழாய், உள்ளே கம்பி, இரண்டுக்கும் நடுவில் தலைமுடி அளவு இடைவெளி. பாலத்தில் இடுக்கை ஒழிக்கலாம், கீலில் முடியாது. ஆகவே உலோகத்தைத்தான் பார்த்து எடுக்க வேண்டும்.

இந்த அரிப்பை ஆராயவென்றே பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953இல் திறக்கப்பட்டது. அதற்கு மண்டபத்தில் ஒரு பிரிவு உண்டு. உலோகத் தகடுகளைக் கடற்காற்றிலும் கடல்நீரிலும் வைத்து, எது எவ்வளவு அரிக்கிறது என்று எடை போட்டுப் பார்ப்பது அவர்கள் வேலை. அரிப்பை ஆராய மண்டபத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்பதே நம் கீலுக்கு ஒரு எச்சரிக்கை.

இனி கடைக்குப் போவோம். “எஸ்.எஸ். கீல் கொடுங்க” என்று கேட்டால் துருப்பிடிக்காத எஃகில் மூன்று கிரேடு சரக்கு ஒரே பளபளப்பில் வரும். 202 என்பது நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்தது; விலை மலிவு, மாடிப்படிக் கைப்பிடி முதல் கிரில் வரை எங்கும் அதுதான். கரையில் அது பழுப்புக் கறை விட்டுவிடும். 304இல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் அளவுக்கு இருக்கும். 316இல் அதோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம். உப்பைத் தாங்குவது இந்த மாலிப்டினத்தால்தான். ராமநாதபுரம் டவுனில், கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் வீட்டில், துடைத்து வைக்கும் பழக்கம் இருந்தால் 304 போதும். உச்சிப்புளி தாண்டினால் 316 வாங்குங்கள். பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் என்றால் பேச்சே இல்லை.

காந்தத்தை வைத்துக் காட்டி ஏமாற்றுவார்கள். எனக்கு ஒருவர் அப்படித்தான் விற்றார். “காந்தம் ஒட்டலை பாருங்க, மரைன் கிரேடு” என்றார். 202லும் காந்தம் ஒட்டாது, 304லும் ஒட்டாது, 316லும் ஒட்டாது. பலமாக ஒட்டினால் வேண்டாம் என்று தள்ளலாம். ஒட்டவில்லை என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. பழைய இரும்பு, எஸ்.எஸ். எடைக்கு எடுக்கும் கடைகளில் மாலிப்டினம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சொட்டு மருந்து வைத்திருப்பார்கள். ஒரு துளி விட்டு, சின்ன பேட்டரியைத் தொட்டால் நிறம் மாறும். கீலை அங்கே கொண்டுபோய் ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு வழி, பீரோ சாமான் விற்கும் கடைக்குப் போகாமல் படகுச் சாமான் விற்கும் கடைக்குப் போவது. விசைப்படகு கட்டுகிறவர்களுக்கு எந்த உலோகம் தண்ணீரில் நிற்கும் என்று நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. படகின் அடியில் துத்தநாகக் கட்டி ஏன் வைக்கிறார்கள் என்று ஒரு மேஸ்திரியைக் கேளுங்கள். இரண்டு உலோகம் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்று மற்றொன்றைக் காப்பாற்றிவிட்டுத் தான் கரையும். அங்கே துத்தநாகம் வேண்டுமென்றே பலியாகிறது. நம் பெட்டியில் வேண்டாமலே பலியாவது ரிவெட்.

இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் செலவழித்து நல்ல கீல் வாங்குகிறவர்களும் கோட்டை விடுவது இங்கேதான். 316 கீலை வாங்கி, பட்டறையில் இருக்கும் சாதாரண பாப் ரிவெட்டை அடித்துவிடுவார்கள். அதன் உடம்பு அலுமினியம், உள்ளே இழுக்கும் ஊசி இரும்பு. பெரிய எஸ்.எஸ். தகடு, சின்ன அலுமினிய ரிவெட், நடுவில் உப்பு ஈரம். அரிப்பு முழுவதும் அந்தச் சின்ன ரிவெட்டின் மேல் குவியும். பழைய இரும்புக் கீலில் இருந்திருந்தாலாவது கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். நல்ல கீல் போட்டதால் சீக்கிரம் போகும். ரிவெட்டைச் சுற்றி வெள்ளை மாவு பூக்கத் தொடங்கினால் அது அலுமினியம் கரைகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆகவே ரிவெட்டும் எஸ்.எஸ்., அதன் ஊசியும் எஸ்.எஸ்., உள்பக்கம் வைக்கும் வாஷரும் எஸ்.எஸ். 4.8 மி.மீ. எஸ்.எஸ். ரிவெட்டைச் சின்னக் கைக்கருவியால் இழுக்க முடியாது, மணிக்கட்டு போய்விடும். நீளக் கைப்பிடி உள்ள கருவி வேண்டும். அது இல்லாவிட்டால் 4 மி.மீ. எஸ்.எஸ். போல்ட், அகலமான வாஷர், நைலான் வளையம் வைத்த நட்டு போதும். பிற்பாடு கழற்றவும் வசதி. எஸ்.எஸ்.மேல் எஸ்.எஸ். திருகும்போது ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், இல்லாவிட்டால் பாதியில் கடித்துக்கொண்டு நிற்கும்.

கீபோர்டு வைக்கும் ஃப்ளைட் கேஸ்காரர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே விளிம்பெல்லாம் அலுமினியச் சட்டம். எஸ்.எஸ். கீலை நேராக அதன்மேல் வைக்காமல், நடுவில் மெல்லிய ரப்பர் ஷீட்டோ பி.வி.சி. டேப்போ ஒட்டிவிட்டு மாட்டுங்கள். ஆர்மோனியத்தின் மரப்பெட்டிக்குப் பித்தளைக் கீலும் பித்தளைத் திருகாணியும் அழகாக நிற்கும். களிம்பு ஏறும், துடைத்துக்கொள்ளலாம். பித்தளைக் கீலுக்கு இரும்புத் திருகாணி போட்டால் மரமே கறுத்துப்போகும்.

தவில்காரர்களுக்கு இதில் எதுவும் புதிதில்லை. தோல் வார் போட்டு இழுத்துக் கட்டிய தவில் இன்று எஸ்.எஸ். வளையம், போல்ட், நட்டு என்று ஆகிவிட்டது. ஸ்பேனரை எடுத்துச் சுருதி சேர்க்கிறார்கள். வாத்தியத்துக்கே நல்ல உலோகம் போட்டாயிற்று, அதை வைக்கும் பெட்டியில் மட்டும் தகரக் கீல் தொங்குகிறது.

உலோகம் சரி, வடிவம்? மூன்று குட்டிக் கீலுக்குப் பதிலாகப் பெட்டி நீளத்துக்கும் ஓடும் ஒரே கீல். பியானோ கீல் என்று கேட்டால் கடையில் புரியும். நீளப் பட்டையாக வரும், வெட்டிக்கொள்ளலாம். மேற்கே பியானோ மூடிக்குப் போட்டதால் அந்தப் பெயர். இரண்டு அங்குலத்துக்கு ஒரு ரிவெட் என்று போட்டால் நாலடிப் பெட்டிக்கு ஒரு பக்கத்துக்கு இருபத்துச் சொச்சம் வரும். முன்பு ஆறு ரிவெட் தாங்கிய பாரத்தை இப்போது இத்தனை ரிவெட் பங்கு போட்டுக்கொள்ளும். மூடி முறுக்கிக்கொள்வதும் நிற்கும், ஏனென்றால் நீளக் கீலே மூடிக்கு ஒரு முதுகெலும்பு.

ஆனால் வீணைப் பெட்டியில் ஒரு சிக்கல் உண்டு. குடம் இருக்கும் பக்கம் அகன்று, தண்டி பக்கம் குறுகி, யாளி முகத்தில் மறுபடி வளையும் பெட்டிகள் நிறைய. கீலின் கம்பி நேர்கோட்டில்தான் ஓடும். வளைந்த பக்கத்தில் முழுநீளக் கீலை மடக்கி அடித்தால் மூடி திறக்கவே திறக்காது. அப்படிப்பட்ட பெட்டிக்கு நேராக இருக்கும் இரண்டு பகுதிகளில் ஆளுக்கு ஒரு நீளத் துண்டாகப் போடுங்கள். இரண்டின் கம்பியும் ஒரே கோட்டில் வர வேண்டும். நூல் கட்டிப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள்.

பழைய துளையில் புது ரிவெட் அடிக்கவே கூடாது. துருவையும் தூளையும் சுரண்டி எடுத்துவிட்டு, அரால்டைட்டில் பொடியாக நறுக்கிய ஃபைபர் நாரைக் கலந்து அடைத்து, ஒரு நாள் விட்டு, பக்கத்தில் புதுத் துளை போடுங்கள். முதலில் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று, மூடிப் பார்த்து, தாழ்ப்பாள் விழுகிறதா என்று பார்த்து, பிறகுதான் நடுவில் உள்ளவை. மூடியின் விளிம்பில் தூசு புகாமல் ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்டும் எண்ணம் இருந்தால் கீல் மாட்டுவதற்கு முன்பே ஒட்டிவிடுங்கள். பிறகு ஒட்டினால் முன்பக்கம் எழும்பிக்கொள்ளும். ஃபைபர் தூள் நெஞ்சுக்கு ஆகாது, முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். அப்படியே, இரும்பைத் துளைத்த தூள் எஸ்.எஸ்.மேல் விழுந்து கிடந்தால் அந்த இடத்தில் துருப்புள்ளி வரும்; பிறகு கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ரிவெட் முனைகளின்மேல் கம்பளித் துணியோ ஃபெல்ட்டோ ஒட்டினால் வீணையின் பாலிஷ் தப்பிக்கும்.

எவ்வளவு நல்ல கீல் போட்டாலும் மூடியைப் பின்னால் மல்லாக்க விழவிட்டால் கதை முடிந்தது. கீலின் தகடு இரண்டு சென்டிமீட்டர், மூடியின் அகலம் நாற்பது சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்த மூடியின் விளிம்பில் ஒரு கிலோ பாரத்தோடு கையை ஊன்றினால், ரிவெட் வரிசையில் அது இருபது கிலோவாகப் போய் விழும். கச்சேரி முடிந்து மேடையோரத்தில் நின்று பேசும்போது திறந்த மூடியில் கை ஊன்றாத ஆள் யார்? ஆகவே உள்ளே இரண்டு பக்கமும் நைலான் பட்டை ஒவ்வொன்று வையுங்கள். மூடி நிமிர்ந்து, கொஞ்சம் பின்னால் சாய்ந்த இடத்தில் பட்டை இறுகி நிற்க வேண்டும். வேறொரு லாபமும் உண்டு. மூடி நிற்காமல் தடாலென்று மூடிக்கொண்டால் வீணையின் மெழுகில் உட்கார்ந்திருக்கும் மெட்டுகள் அதிரும். இருபத்து நாலு மெட்டையும் திரும்ப மேளம் கட்ட ஆள் தேடி அலைவதைவிடப் பட்டை தைப்பது சுலபம்.

பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவகத்துக்குப் போனவர்கள் அவர் வீணையோடு உட்கார்ந்திருக்கும் சிலையைப் பார்த்திருப்பீர்கள். அந்த வீணை எங்கும் போக வேண்டியதில்லை. நம்முடையது பஸ் கூரையில் ஏற வேண்டும், ஆட்டோவில் பாதி வெளியே நீட்டிக்கொண்டு போக வேண்டும், கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போகிறவர்களின் கீபோர்டும் கித்தாரும் படகில் உப்புத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

போட்ட பிறகு பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. எஸ்.எஸ். துருப்பிடிக்காமல் இருப்பது அதன்மேல் காற்றுப் பட்டு உருவாகும் ஒரு மெல்லிய படலத்தால். காற்று புகாத இடுக்கில் உப்பு அடைத்துக்கொண்டால் 316கூடத் தாங்காது. கடலோரக் கச்சேரி முடிந்து வந்தால் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கீலை நீளவாக்கில் துடைத்து, காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, மிச்சத்தை ஒற்றி எடுத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்து மணலைப் பிடித்துக்கொள்ளும். துருவை இளக்கும் ஸ்பிரே இறுகிய கீலைத் திறக்க உதவும், எண்ணெயாக நின்று உழைக்காது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தனித்தனியாகப் போய் ஒரு நாலடித் துண்டு 316 கேட்டால் எந்தக் கடைக்காரரும் நமக்காக வரவழைக்க மாட்டார். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் வரவழைப்பார். எந்த கிரேடு என்று பில்லில் எழுதியும் தருவார். ஆடியில் கல்யாண முகூர்த்தம் இல்லை, பெரும்பாலோருக்குக் கை சும்மா இருக்கும்; அப்போது எல்லோரும் சேர்ந்து மாட்டிவிடலாம். (ராமேஸ்வரம் கோயில் மேளக்காரர்கள் கோபிக்க வேண்டாம், ஆடித் திருக்கல்யாணத்தில் உங்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது என்று தெரியும், உங்கள் பெட்டிக்கு நாங்கள் வந்து மாட்டித் தருகிறோம்.) ஆனி முடிவதற்குள் ஆளுக்கொரு தாளில் பெட்டியின் முதுகுப் பக்க நீளம், அதில் நேராக இருக்கும் பகுதி எவ்வளவு, ஃபைபரா மரமா அலுமினியச் சட்டமா, சுவரின் கனம் எத்தனை மி.மீ. என்று எழுதி என்னிடம் கொடுத்துவிடுங்கள். பெட்டியை மூடி, தாழ்ப்பாள் போட்ட நிலையில் அளக்க வேண்டும். புதுப் பெட்டிக்கு ஆர்டர் கொடுக்கும் நிலையில் இருப்பவர்கள், செய்து தருகிறவரிடம் கீல் மாட்டாமல் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். அவர் விழிப்பார். நாலு பேர் கேட்டால் பழகிவிடுவார்.

துளை போடும் அன்றைக்கு வீணையை வெளியே எடுத்து வேறு அறையில் வைத்துவிடுங்கள். இதையெல்லாமா சொல்ல வேண்டும் என்று கேட்பீர்கள். சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ராமநாதபுரத்திலிருந்து, உங்களோடு பெட்டி தூக்கும் ஒரு வீணைக்காரர்